எலிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு காவி உடுத்தியதில்லை. சீடர் காலில் விழுந்ததில்லை. இருவரும் சந்தித்த இடம் நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓர் ஏர்கன் கடை.

கடைக்காரியின் பெயர் ரெஜினா. கல்லூரியில் படிக்கும்போது மாநில அளவில் துப்பாக்கி சுட்டுப் பதக்கம் வாங்கியவள். இப்போது ஏர்கன் விற்பாள், பழுது பார்ப்பாள். கடைக்குப் பின்னால் இருந்த நீளமான தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடக் கற்றுக்கொடுப்பாள். அதனால் ஊர் அவளை டீச்சர் என்றது.

சீடர் அர்த்தநாரி. திருச்செங்கோடு போகிற வழியில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். ஒரு மத்தியான வேளையில் வேட்டியெல்லாம் தீவனத் தூசியோடு கடைக்குள் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"துப்பாக்கி ஒண்ணு வேணுமுங்க."

"எதுக்குங்க ஐயா?"

"எலிக்கு."

"மருந்து வைக்கலாமே?"

"கோழி கொத்திருமுங்க."

"பூனை வளர்க்கலாம்."

"எங்க பண்ணை எலியைப் பார்த்தா பூனை பயந்து ஓடுதுங்க."

ரெஜினா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் நான்கு துப்பாக்கிகளை எடுத்து வந்து மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"இதுல எதுங்க நல்லது?" என்றார்.

"இது ஸ்பிரிங். ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி, உள்ள இருக்கிற சுருள்வில்லை இறுக்கணும். ஒரு மடக்குக்கு ஒரு குண்டு. சீக்கிரம் கெடாது. ஆனா சுடும்போது உதறும்."

"அடுத்தது?"

"பம்ப். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒவ்வொரு குண்டுக்கும் அடிக்கணும். உதறாது. நீங்க அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எலி பேரன் பேத்தி எடுத்துடும்."

"இது?"

"கேஸ் துப்பாக்கி. உள்ள ஒரு சின்ன குப்பி இருக்கு. மடக்க வேண்டாம், அடிக்க வேண்டாம், சட்டு சட்டுனு சுடலாம். ஆனா சுடச் சுடக் குப்பி குளுந்துபோய் வேகம் குறைஞ்சிடும். தகர டப்பாவுக்குச் சரி. எலிக்குப் பத்தாது. அடிபட்டது பொந்துக்குள்ள போய்க் கெடந்து கஷ்டப்பட்டுச் சாகும்."

"சாகுமில்லீங்களா, அது போதும்."

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பண்ணைன்னா எலி எப்பவும்தான் இருந்திருக்கும். இப்ப என்னங்க ஐயா புதுசா?"

அர்த்தநாரி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கூட்டுக்காரி எலிக்காய்ச்சல்ல போயிட்டாளுங்க."

அவர் மனைவி பாவாயி கோழிக் கூண்டுகளுக்கு அடியில் தேங்குகிற தண்ணீரைத் தள்ளிவிடுகிற வேலையை ஆள் வைத்துச் செய்ய மாட்டாள். தானே செய்வாள். காலில் பித்தவெடிப்பு. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அதன் வழியாக ஏறியது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு கண் மஞ்சளானது. பிறகு சிறுநீர் நின்றது. சேலத்துக்குக் கொண்டுபோய் ஒரு வாரத்தில் அவளைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் அர்த்தநாரி ஒரு தடியை எடுத்துக்கொண்டு கோழி ஷெட்டுக்குப் போனார். ஒரு வருடமாகியும் தடியால் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் துப்பாக்கி.

இதில் பாதியைத்தான் அவர் வாயால் சொன்னார். மீதியை ரெஜினா பிறகு தெரிந்துகொண்டாள்.

"நாலாவது என்னங்க?" என்றார்.

"பிசிபி. காத்தை முன்னாடியே பம்ப் வெச்சு உருளைக்குள்ள அடைச்சு வெச்சிடணும். ஒருதடவை அடைச்சா நிறைய சுடலாம். உதறாது, சத்தமும் கம்மி. எப்படிப் பிடிச்சாலும் குறி வெச்ச இடத்துல அடிக்கும். எலி துடிக்காது."

"அதைக் கொடுங்க."

"இது உங்களுக்கு வேண்டாம் ஐயா."

"விலை தெரிஞ்சுதானுங்க வந்திருக்கேன்."

"விலைக்காகச் சொல்லலை."

"அப்புறம் ஏனுங்க?"

"இது ரொம்ப நல்ல துப்பாக்கி."

வியாபாரம் தெரியாதவள் என்று உங்களுக்குத் தோன்றும். அர்த்தநாரிக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறு கடைக்குப் போயிருப்பார். ஆனால் ரெஜினா, "ஸ்பிரிங்கை எடுத்துக்கோங்க, ஞாயித்துக்கிழமை வாங்க, நானே சொல்லித் தர்றேன்" என்றாள். அந்த ஒரு வருடத்தில் அவரை யாரும் ஓர் இடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை. எடுத்துக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை குறி அட்டையில் ஒரு குண்டுகூடப் படவில்லை. எல்லாம் பின்னால் இருந்த மணல் மூட்டையில் போய் விழுந்தன.

"துப்பாக்கி கோணலுங்க," என்றார்.

ரெஜினா அதே துப்பாக்கியை வாங்கி அட்டையின் நடுப்புள்ளியில் ஒரு குண்டைப் பாய்ச்சினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க நெரிக்கிறீங்க ஐயா. ஸ்பிரிங் தன்னாலே உதறும். அதை உதறவிடணும். இறுக்கிப் பிடிச்சா குண்டு வேற எங்கயாவது போகும்."

"எப்படித்தானுங்க பிடிக்கிறது?"

"கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி."

"குஞ்சு பிடிக்கிறதெல்லாம் அவ வேலைங்க," என்றார் அர்த்தநாரி. "நான் பிடிச்சா கத்தும்."

 ரெஜினா அவருடைய இடது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியை அதன்மேல் சும்மா வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். ஆனால் சுடும்போது விரல்கள் மறுபடியும் மூடிக்கொண்டன.

இரண்டாவது ஞாயிறு, "விசையை அழுத்தின உடனே தலையைத் தூக்கறீங்க," என்றாள்.

"சுட்டாச்சுங்களே?"

"விசையைத்தான் அழுத்தியிருக்கீங்க. குண்டு இன்னும் குழலுக்குள்ளயே இருக்கு. கொஞ்சம் இருங்க. என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு எந்திரிங்க."

"பார்த்து என்னங்க பண்றது?"

"பார்க்கறதுதான்."

இப்படி ஒவ்வொரு வாரமும் போயிற்று. அவருக்கு எலி விழத் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. தகவல் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இருக்காது. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

ஒருநாள் ரெஜினா கேட்டாள். "எத்தனை எலி சுடணும் ஐயா?"

"எல்லாத்தையும்."

"எல்லா எலியுமா தப்பு பண்ணுச்சு?"

"அவளைக் கொண்டுபோனது எந்த எலின்னு எனக்கு எப்படீங்க தெரியும்? தெரிஞ்சா அது ஒண்ணைச் சுட்டுட்டு விட்ருவனுங்க. தெரியலை. அதனாலதான் எல்லாத்தையும்."

அவள் ஒரு குண்டு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.   

அர்த்தநாரிக்கு ஒரே மகள், கோகிலா. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். முட்டை லாரியை அனுப்பிவிட்டு ஒரு காலையில் கடைக்கு வந்தாள். வரும்போதே கோபத்தோடு வந்தாள்.

"அக்கா, நல்ல துப்பாக்கியைக் கடையில வெச்சுக்கிட்டு எங்கப்பாவுக்கு ஏன் இந்தக் காலத்துக்கு ஒவ்வாததைக் குடுத்தீங்க?"

"இதுல அவர் சுடறாரே."

"வாரத்துக்கு ரெண்டு சுடறாரு. பண்ணையில எத்தனை இருக்குதுன்னு தெரியுமாக்கா? தினமும் பொழுது சாயறதுக்கு முன்னாடியே ஷெட் வாசல்ல தீவன மூட்டை மேல போய் உட்கார்ந்துக்கறாரு. கூப்பிட்டா வர்றதில்லை. போட்டு வெச்ச சோறு ஆறிப்போகுது."

"அந்த மூட்டைலதான் உட்காருவாரா?"

கோகிலாவின் குரல் இறங்கியது. "அது அவங்க ரெண்டு பேரும் உட்கார்ற இடம்க்கா. வேலை முடிஞ்சதும் அம்மா காப்பி போட்டு எடுத்துட்டுப் போவாங்க. இருட்டுற வரைக்கும் அங்கயே பேசிட்டு இருப்பாங்க. என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது. தீவன விலையாத்தான் இருக்கும்."

ரெஜினா அவளுக்கு டீ வரவழைத்தாள்.

"எலி இருக்கிற வரைக்கும் உங்கப்பாவுக்குச் சாயங்காலம் ஒரு வேலை இருக்கு, கோகிலா."

"எலி தீர்ந்தாத்தானே வீட்டுக்குள்ள வருவாரு? எனக்கும் அம்மாதான் போயிருக்காங்க. என்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"எலி தீர்ந்தா என்ன பண்ணுவாருன்னு எனக்குப் பயமா இருக்கு."

"நீங்க துப்பாக்கி விக்கறவங்கக்கா. அதை மட்டும் பாருங்க."

டீயைக் குடிக்காமல் போய்விட்டாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு பேர் ஒரே சாவுக்குத் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே கோகிலா கோயம்புத்தூர் போய் ஒரு பிசிபி வாங்கி வந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அர்த்தநாரி ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. அந்தத் துப்பாக்கிக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. இறுக்கிப் பிடித்தாலும் சரி, தலையைத் தூக்கினாலும் சரி, அது சொன்ன இடத்தில் அடித்தது. எலி ஓடிவரும், அவர் அழுத்துவார், அது படுத்துவிடும். முதலில் தீவன அறையில் தீர்ந்தன. பிறகு கூண்டுகளுக்கு அடியில். பிறகு வாய்க்கால் ஓரத்தில். கார்த்திகை பிறக்கும் முன்பே பண்ணையில் எலிப் புழுக்கையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. சுற்றுப்பட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எந்தத் துப்பாக்கி, எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்துப் போனார்கள்.

அர்த்தநாரி வீட்டுக்குள் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அதே மூட்டைமேல் போய் உட்கார்ந்தார்.

ஒரு காலையில் கோகிலா ரெஜினாவுக்குப் போன் செய்தாள். இந்தமுறை கோபம் இல்லை.

"அக்கா, நேத்து நம்ம நாய் வாய்க்கால்கிட்ட படுத்திருந்துச்சு. அப்பா அதைக் குறி வெச்சுப் பார்த்துட்டே இருந்தாரு. நான் கூப்பிட்டேன், திரும்பலை. சுடலைக்கா. ஆனா ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தாரு. அந்தத் துப்பாக்கியை நான்தானே வாங்கிக் குடுத்தேன்?"

"நீ வாங்கலைன்னா அவரே வாங்கியிருப்பாரு."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"துப்பாக்கியில ஏதாவது கோளாறு சொன்னாரா?"

"காத்து நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டிருந்தாரு."

"என்கிட்ட அனுப்பு."

அன்று நாலு மணிக்கு அர்த்தநாரி வந்தார். துப்பாக்கியை ஒரு பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இந்தமுறை சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். ரெஜினா துப்பாக்கியைப் பார்க்குமுன் அவர் கேட்டார்.

"டீச்சரம்மா, முயலுக்கு இது பத்துமுங்களா?"

"முயலைச் சுடக் கூடாதுங்க ஐயா. ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சா ஜெயிலு."

"கௌதாரி?"

"அதுவும் கூடாது."

"காட்டுல புறா நிறைய வருது. அதுக்கு இதைவிடச் சின்னது இருக்குதுங்களா?"

"கூடாதுங்க."

"அணிலு?"

"கூடாது."



"அப்ப நான் எதைத்தானுங்க சுடறது?"

"எதுக்குங்க ஐயா சுடணும்? எலிதான் தீர்ந்துபோச்சே?"

அர்த்தநாரி சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவற்றில் எதுவும் அவருக்கு உதவுவதாக இல்லை.

"சாயங்காலம் ஆகுதுங்களே, டீச்சரம்மா," என்றார்.

 ரெஜினா எழுந்து சேலையைப் பிரித்து, துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். சேலையை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"காத்து நிக்கலைன்னு கோகிலா சொன்னா."

"ஆமாங்க. காலையில அடைச்சா சாயங்காலம் கொறஞ்சிருது."

"உள்ள ரப்பர் வளையம் போயிருக்கும். மாத்தணும்."

"திறந்து மாத்திருங்க."

"உடனே திறக்க முடியாதுங்க ஐயா. உள்ள இருக்கிற காத்து லேசுப்பட்டதில்லை. லாரி டயர்ல இருக்கிறதைவிடப் பல மடங்கு அழுத்தம். அப்படியே திறந்தா திறக்கிறவங்க கையை எடுத்துடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விரலையே இழந்திருக்கார்."

"அப்புறம் எப்படீங்க?"

"முழுசா வெளியே விடணும்."

உருளையின் அடியில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அவள் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாள். உஸ்ஸென்று மெல்லிய சத்தம் வந்தது.

"நல்லாத் திருப்பி விட்டா சீக்கிரம் போயிருமில்லீங்களா?" என்றார்.

"வேகமா விட்டா உள்ள இருக்கிற வளையமெல்லாம் கிழிஞ்சிடும். இது இப்படித்தான் போகணும்."

இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கியில் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியின் முள் நகர்வதே தெரியவில்லை. தெருவில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துப் போயிற்று. இந்தச் சத்தம் நிற்கவில்லை.

அர்த்தநாரி மடியில் இருந்த சேலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"நேத்துக் கால்நடை டாக்டர் வந்திருந்தாருங்க. எலியெல்லாம் எங்கன்னு கேட்டாரு. சுட்டுட்டேன்னு சொன்னேன். அப்படியே பேச்சு வந்துச்சு. எலிக்கு மொத்த ஆயுசே ஒரு வருசம்தானாமே?"

"கிட்டத்தட்ட அவ்வளவுதாங்க."

"பாவாயி போயி வருசம் தாண்டிருச்சுங்க."

ரெஜினா அவரைப் பார்த்தாள்.

"அந்த எலி எப்பவோ செத்திருக்கும்," என்றார். "நான் இந்தத் துப்பாக்கியைத் தொடறதுக்கு முன்னாடியே செத்திருக்கும். ஏதாவது மூலையில தானாவே படுத்துச் செத்திருக்கும். நான் அதைப் பார்க்கவேயில்லீங்க. நான் சுட்டதெல்லாம் வேற எலி."

உஸ்ஸென்ற சத்தம் தொடர்ந்தது.

"நான் சுட்டதெல்லாம் வேற எலிங்க, டீச்சரம்மா."

 சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அறுபது தாண்டிய மனிதர் அப்படி அழுவதைக் கேட்க யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். பாவாயியைச் சேலத்தில் வைத்திருந்த நாட்களையெல்லாம் நினைத்து அழுதார். தினம் காப்பி ஆறுகிறது என்று அவள் சொன்னதைச் சொல்லி அழுதார். கோகிலா பெயரைச் சொன்னார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "ஊர்ல பாக்கறவங்க என்ன நினைப்பாங்க," என்றார். மறுபடியும் அழுதார்.

 ரெஜினா ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் முகத்திலிருந்து சேலையை எடுத்தார். கடைக்குள் வெளிச்சம் குறைந்திருந்தது. மேசைமேல் துப்பாக்கி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வெட்கத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது எப்பங்க முடியும்?"

ரெஜினா அளவுமானியைப் பார்க்கவில்லை.

"ஆகறப்ப ஆகட்டுங்க ஐயா," என்றாள். "கடையைச் சாத்திட்டேன்."